மனைக்கேற்ற துணியும் நிறமும்

சில ஆண்டுகளுக்கு முன் நோன்புப் பெருநாளை ஒட்டி நம் இல்லத்துச் சாளரங்களுக்குத் திரைச்சீலை வாங்கினோம். கடையின் குழல்விளக்கில் இளம்பச்சையாகத் தோன்றிய துணி, வீட்டின் பகலொளியில் சாம்பல் நிறமாயிற்று. முதற் சலவையில் நான்கு விரற்கடை சுருங்கி, சாளரப் படிக்கு மேலே ஏறிக்கொண்டது. விற்றவர் பொய்யுரைத்தாரல்லர், ஒன்றும் உரைத்தாரல்லர், அவ்வளவே. துணி விற்பார் வாங்குவார்க்குச் சொல்ல வேண்டுவன யாவை என்னும் எண்ணம் அன்று முதல் நம்மை விட்டகலவில்லை. தமிழ் பயின்ற மாணவர் துணிக்கடையில் நிற்பதைப் பட்டத்திற்கு இழுக்கெனக் கருதுவார் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. சொல்லை அறிந்து சொல்லுவார் அங்கும் வேண்டப்படுகின்றனர்.

மனைக்கோலம் பற்றிய எண்ணம் தமிழர்க்குப் புதிதன்று. நெடுநல்வாடையில் நக்கீரர் காட்டும் அரண்மனையை நினைவு கூர்க. வெள்ளியை ஒத்த வெண்சுதை, நீலமணி போலக் கருமை கொண்ட தூண்கள், செம்பு போன்ற சுவரில் கொடி ஓவியம், யானைத் தந்தத்தால் இயன்ற கட்டில், அதன்மேல் அன்னத்தின் மெல்லிறகு பரப்பிய படுக்கை எனப் புலவர் அடுக்குகிறார். வெண்மைக்கு எதிரே கருமை, அவற்றிடையே செம்மை. இவ்வமைப்பைக் காரைக்குடிப் பக்கத்து வளவுகளிலும் நாம் காணலாம். முட்டை வெண்கரு சேர்த்து மெருகேற்றிய சுண்ணச் சுவர், பர்மாத் தேக்கின் கருந்தூண், காலடியில் ஆத்தங்குடிக் கல்லின் செம்மை!

ஆத்தங்குடிக் கல் சூளையில் சுடப்படுவதன்று. கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு, நீரில் ஊறவைத்து இறுக்குவர். கண்ணாடியில் படிந்த முகமே தளத்தின் பளபளப்பாகிறது. இத்தளம் தானே பூவும் கொடியுமாய் நிறைந்திருக்க, திரையிலும் திண்டிலும் மீண்டும் பெரும்பூக்களைத் தேடுவது கண்ணை அலைக்கழிப்பதாகும். தளத்திலுள்ள நிறங்களுள் ஒன்றைத் தேர்ந்து, பூவற்ற ஒருநிறத் துணியாகத் திரையை அமைத்தலே நன்று.

ஒளியையும் எண்ணுதல் வேண்டும். இவ்வீடுகளில் வெளிச்சம் பெரும்பாலும் நடுமுற்றத்தின் வழியே வருவது, உள்ளறைகள் மங்கலானவை. மங்கொளியில் நம் கண்ணுக்குச் சிவப்பே முதலில் கருத்துத் தோன்றும். நீலமும் பச்சையும் அதன் பின்னரே மங்கும். ஆதலின் அரக்கு நிறத் திரை முகப்பிற்குப் பொருந்தும். உள்ளறையிலோ அந்திப் பொழுதில் கறுப்பாகி நிற்கும். மேலும், ஒரே துணி விளக்குக்கு விளக்கு நிறம் மாறுவது, அவ்விளக்கொளிகளில் அடங்கிய வண்ணக் கலப்பு வேறுபடுவதால்தான். நம் இளம்பச்சை ஏமாற்றிய மருமம் இதுவே. துணியைக் கடை வாயிலுக்கு எடுத்துச் சென்று பகலில் ஒருமுறை காட்டுவதற்குக் கடைக்காரருக்குக் காசு செலவில்லை.

இனி அளவு. திரை மடிப்பு மடிப்பாய் விழ, சாளர அகலத்தைப் போல் இருமடங்கேனும் துணி வேண்டும். 120 செ.மீ. அகலமும் 150 செ.மீ. உயரமும் உடைய சாளரத்திற்கு, 120 செ.மீ. அகலத் துணியில் இரண்டு நீளங்கள் வேண்டும். மடித்துத் தைக்க 25 செ.மீ., பருத்தியின் சுருக்கத்திற்கு நூற்றுக்கு 5 எனச் சேர்த்தால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 184 செ.மீ.; இரண்டும் சேர்ந்து 3.7 மீட்டர். கட்டம் போட்ட துணியாயின், இணைப்பில் கட்டத்தோடு கட்டம் சேர வேண்டுமாகையால் இன்னும் சிறிது கூடும். துணியை நனைத்து உலர்த்திய பின்னரே தைத்தல் வேண்டும் என்பதை ஒரு வாய்ச்சொல்லாகவேனும் கூறியிருந்தால், நம் திரை குட்டையாகியிராது.

சாயத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டதன் விளைவுக்குப் புகழ்பெற்ற கதையொன்று உண்டு. 1958-இல் பம்பாய் வணிகர் ஒருவர் கட்டம் போட்ட 'மெட்ராஸ்' துணியை அமெரிக்க வணிகருக்கு விற்றார். தண்ணீரில் மென்மையாக அலசாவிடில் சாயம் இறங்கும் என்னும் எச்சரிக்கை, ஆடை வாங்கியோரைச் சென்றடையவில்லை. சட்டைகள் சலவையில் சாயம் கசிய, முறையீடுகள் குவிந்தன. பின்னர், கசிவதே இதன் சிறப்பு என்று விளம்பரம் செய்து அதனையே விற்றுவிட்டனராம்! அமெரிக்கர்க்கு வாய்த்த அந்தச் சமாளிப்பு, வெண்சுதைச் சுவரில் சிவப்புக் கறை கண்ட காரைக்குடி இல்லத்தரசியிடம் செல்லாது. நனைத்த வெள்ளைத் துணியால் ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தால் சாயத்தின் உறுதி அங்கேயே தெரிந்துவிடும். சில அசோ வகைச் சாயங்கள் உடல்நலத்திற்குக் கேடென 1994-இல் ஜெர்மனியிலும் 1997-இல் இந்தியாவிலும் தடைசெய்யப்பட்டன என்பதையும் விற்பவர் அறிந்திருத்தல் வேண்டும்.

நம் மண்ணின் கண்டாங்கிச் சேலை 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. மஞ்சளும் அரக்கும் கறுப்புமான அதன் கட்டங்களைத் திரைக்கும் திண்டுறைக்கும் விரும்பிக் கேட்போர் உளர். திரைக்கும் திண்டுக்கும் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். ஆனால் அமர்ந்து எழும் நாற்காலி இருக்கைக்கு அது ஆகாது. உடுத்துவதற்கென நெய்த மெல்லிய துணி உராய்வில் நைந்துவிடும். இருக்கைக்குத் தடித்த நூலில் நெருங்க நெய்த கனத்த துணியே ஏற்றது. "கண்டாங்கி கிழிந்துவிட்டது" என்று ஒருவர் நாலு பேரிடம் சொன்னால், அப்பழி கடைக்காரர்மேல் விழுவதில்லை, தறியில் இருப்பவர்மேல் விழுகிறது. மிகுதியாய் விற்கும் ஆசையில் பொருந்தா இடத்திற்கு அதனைத் தள்ளிவிடுவதை நாம் வன்மையாக மறுக்கக் காரணம் இதுவே.

தரை விரிப்பிற்குப் பவானி ஜமுக்காளமும், லெப்பைக் குடும்பத்தார் கோரையை மிக நுண்ணிதாய்க் கீறி நெய்யும் பத்தமடைப் பாயும் உள்ளன. ஆத்தங்குடித் தளத்தின் குளிர்ச்சி உடலுக்கு எட்ட வேண்டுமாயின் பாயே சிறந்தது என்பது நம் கருத்து.

நம் வீட்டுச் சாம்பல் நிறத் திரைச்சீலை இப்போது நூலடுக்கின் முன் தொங்கித் தூசியைத் தடுக்கிறது. அவ்விடத்திற்கு நீளம் போதுமானதாகவே இருக்கிறது.