மலையும் மூச்சும் – 6: அடங்காத பிள்ளை

மலைக்காற்று நெஞ்சுக்கு நல்லது என்று, ஈப்போவிலிருந்து சிம்பாங் பூலாய் வழியாக ஏறிவரும் சொந்தக்காரர்கள் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அது சுவிட்சர்லாந்துக்குப் பொருந்தும். டாவோஸ் போன்ற ஊர்களில் ஆஸ்துமாக்காரர்களைத் தங்கவைத்துச் சிகிச்சை தந்ததற்கு உயரம் மட்டும் காரணமல்ல. அங்கே காற்று உலர்ந்தது. படுக்கையில் வாழும் தூசிப்பூச்சி பிழைக்காது. எங்கள் மலையூரான கம்போங் ராஜாவுக்கும் உயரம் உண்டு, ஆனால் ஈரம் விடுவதில்லை. மழை பிடித்தால் துணி காயாது, சுவர் மூலையில் பூஞ்சணம் பூக்கும். குளிருக்குப் பயந்து சன்னலைச் சாத்திவிட்டு, பல மாதம் வெயில் காணாத கம்பளியைப் பிள்ளையின் மூக்குவரை இழுத்துப் போர்த்துகிறோம்.

இழுப்பு உள்ள பிள்ளைக்கு விடியலுக்கு முந்தைய நேரம்தான் மோசம். மூச்சுக்குழாய் அப்போதுதான் அதிகம் சுருங்கும். மூன்று, நான்கு மணிக்கு இருமி எழும் பிள்ளை, கண்ணயர்வதற்குள் பள்ளிக்குக் கிளம்ப வேண்டியிருக்கும். தூக்கம் கெட்ட பெரியவர் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிள்ளை அப்படியல்ல, துறுதுறுக்கும், பக்கத்துப் பையனைச் சீண்டும், சொன்னதைக் காதில் வாங்காது, சின்ன விஷயத்துக்கு அழும். புளூ வேலி தோட்டமானாலும் கோலாலம்பூர் அடுக்குமாடியானாலும் வகுப்பில் அதற்குக் கிடைக்கும் பெயர் ஒன்றே: அடங்காத பிள்ளை.

இந்தச் சேட்டைக்கும் இழுப்புக்கும் உறவு உண்டா? உண்டு என்றுதான் எண்கள் சொல்கின்றன. சாமுவேலே கோர்டேசே குழுவினர் 2018இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வெளியிட்ட ஆய்வு, பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்ததோடு சுவீடனின் 15 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவேடுகளையும் பார்த்தது. ஆஸ்துமா உள்ளவர்களிடம் கவனக்குறைவு–மிகைச்செயல்பாட்டுக் கோளாறு இருப்பதற்கான வாய்ப்பு, இல்லாதவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. 2001இல் எலிசபெத் மெக்குவெய்ட் குழுவினர் செய்த தொகுப்பாய்வு எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. ஆஸ்துமா கடுமையாக ஆக நடத்தைச் சிக்கலும் கூடியது. அதிலும் அடிதடியைவிடப் பயம், சோர்வு, ஒதுங்கிப்போவது ஆகியவையே மிகுதி. அதாவது சத்தம் போடாத பிள்ளையையும் நாம் கவனித்தாக வேண்டும். இந்த ஆய்வுகள் எல்லாம், இரண்டும் சேர்ந்து காணப்படுவதைத்தான் காட்டுகின்றன. எது எதைக் கிளப்புகிறது என்பதல்ல.

அந்த இடைவெளியில் ஒருகாலத்தில் தாயைக் கொண்டுபோய் வைத்தார்கள். சிகாகோவின் உளப்பகுப்பாய்வாளர் ஃபிரான்ஸ் அலெக்சாண்டர், இழுப்பை அம்மாவுக்காக ஏங்கி அடக்கப்பட்ட அழுகை என்று விளக்கினார். டென்வரில் முர்ரே பெஷ்கின், கடும் ஆஸ்துமா உள்ள பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து நீண்ட காலம் பிரித்து வைக்கும் முறையைப் பரப்பினார். பல பிள்ளைகள் தேறவும் செய்தார்கள். ஆனால் அம்மாவை மட்டுமா பிரிந்தார்கள்? வீட்டுத் தூசியையும்தானே! கென்னத் பர்செல் 1969இல் வெளியிட்ட சோதனை இதைத் தலைகீழாகச் செய்தது: குடும்பத்தை வெளியேற்றி, பிள்ளையை அதே வீட்டில் வேறொருவர் பொறுப்பில் விட்டார்கள். உணர்ச்சியால் இழுப்பு வருகிறது என்று முன்பே கணித்த பிள்ளைகள் தேறினார்கள். மற்றவர்களிடம் பெரிய மாற்றமில்லை. ஆக, மனதுக்கும் பங்குண்டு, சிலருக்கு. எல்லாத் தாய்மார்மீதும் பழி போட அது போதாது. “செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டே” என்று மாமியார் சொல்வதற்கு இன்றைக்கும் சிகாகோ தேவைப்படுவதில்லை என்பது வேறு கதை.

இனி மருந்து. கிளினிக்கில் ‘கேஸ்’ (ஆவியாக இழுக்கும் மருந்து) வைத்துவிட்டு வந்த பிள்ளை கை நடுங்கி, படபடத்து, ஓரிடத்தில் நில்லாமல் ஓடினால் அது அதிலுள்ள சால்புட்டமால் மருந்தின் வேலை. சில மணி நேரத்தில் அடங்கும். பிரெட்னிசோலோன் குடிக்கும் நாள்களில் எரிச்சலும் அழுகையும் வரலாம். அதிகம் யோசிக்க வேண்டியது இரவில் கொடுக்கும் மான்டிலுகாஸ்ட் மாத்திரை. கெட்ட கனவு, ஆத்திரம், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 மார்ச்சில் அதற்குத் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையைக் கொடுத்தது. பெரிய ஆய்வுகளில் அந்த ஆபத்து தெளிவாகப் பிடிபடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் மாத்திரை தொடங்கிய பிறகு பிள்ளையின் குணம் மாறினால், ‘வயசுக் கோளாறு’ என்று விடாமல் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மருந்துக்குப் பயந்து எல்லாவற்றையும் நிறுத்துவது அதைவிட ஆபத்து. தினமும் இழுக்க வேண்டிய தடுப்பு இன்ஹேலர் அலமாரியில் கிடக்க, மூச்சு முட்டும்போது மட்டும் நீலக் குழாயைத் தேடுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. தடுப்பு மருந்தை ஒழுங்காக இழுத்தால் இரவு இருமல் குறையும். அப்புறமும் வகுப்பில் பிள்ளை தவித்தால், கவனக்குறைவுக்கான பரிசோதனையைத் தனியாகக் கேளுங்கள். ஒன்று இருப்பதால் மற்றது இருக்காது என்றில்லை. ஆசிரியர் நடத்தையைப் பற்றிக் கூப்பிட்டனுப்பும் நாளில், பிள்ளை எத்தனை இரவு இருமியது என்பதையும் எழுதி எடுத்துப் போங்கள்.

பெரியவர்களின் இழுப்புக்குத் தனிக் கதை இருக்கிறது. தேயிலைத் தொழிற்சாலைத் தூசியால் வரும் ஆஸ்துமாவை இலங்கை மருத்துவர் உரகொட 1970இலேயே எழுதிவைத்தார். அடுத்த வாரம் அதைப் பார்ப்போம்.