இளைஞர்கள் வலதுசாரியா, இடதுசாரியா? ஒரே வயது... எதிரெதிர் ஓட்டு! தென்கொரியாவில் நடப்பது என்ன?

"இந்தக் காலத்துப் பசங்க ரொம்ப முற்போக்கு" என்கிறார்கள் சிலர். "இல்லவே இல்லை, உலகம் முழுக்க இளைஞர்கள் வலதுசாரிகள் பக்கம் போய்க்கொண்டிருக்கிறார்கள்" என்கிறார்கள் வேறு சிலர். இதில் எது உண்மை?

இரண்டுமே உண்மைதான் என்கிறது ஒரு நாட்டின் தேர்தல் முடிவு. அது பிடிஎஸ் பாடல்கள், கே-டிராமாக்கள் மூலம் நம்மில் பலருக்கு அறிமுகமான தென்கொரியா. அங்கே இளைஞர்கள் என்று ஒரே கூட்டம் இல்லை. இளம் ஆண்கள் ஒரு பக்கம், இளம் பெண்கள் மறுபக்கம். எப்படி வந்தது இந்தப் பிளவு? விரிவாகப் பார்ப்போம்.

2025 தேர்தலில் என்ன நடந்தது?

2025 ஜூன் 3ஆம் தேதி தென்கொரியாவில் அதிபர் தேர்தல் நடந்தது. களத்தில் முக்கியமாக மூன்று பேர். முற்போக்கு முகாமின் லீ ஜே-மியுங், பழமைவாதக் கட்சியின் கிம் மூன்-சூ, வலதுசாரி சாய்வு கொண்ட சிறிய கட்சியின் 40 வயது தலைவர் லீ ஜுன்-சோக். சுமார் 49 சதவீத வாக்குகளுடன் லீ ஜே-மியுங் வென்றார்.

அன்று மூன்று தொலைக்காட்சிகள் சேர்ந்து நடத்திய எக்ஸிட் போலில், 18 முதல் 29 வயது வரையிலான வாக்காளர்களின் கணக்கு எப்படி இருந்தது தெரியுமா?

* இளம் பெண்கள்: லீ ஜே-மியுங்குக்கு சுமார் 58%, கிம் மூன்-சூவுக்கு சுமார் 25%, லீ ஜுன்-சோக்குக்கு சுமார் 10%.

* இளம் ஆண்கள்: லீ ஜுன்-சோக்குக்கு சுமார் 37%, கிம் மூன்-சூவுக்கு சுமார் 37%, லீ ஜே-மியுங்குக்கு வெறும் 24%.

அதாவது இளம் ஆண்களில் நான்கில் மூன்று பேர் வலதுசாரி வேட்பாளர்களுக்கு ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். இளம் பெண்களில் அது மூன்றில் ஒருவர்தான்.

இன்னொரு ஆச்சரியமும் உண்டு. 70 வயதைக் கடந்தவர்களில்கூட சுமார் மூன்றில் ஒரு பங்கினர் லீ ஜே-மியுங்குக்கு வாக்களித்திருந்தார்கள். தாத்தா, பாட்டிகளைவிட பேரன்கள்தான் முற்போக்கு வேட்பாளரை அதிகமாக ஒதுக்கியிருக்கிறார்கள்!

'வயசானா பழமைவாதி ஆயிடுவாங்க' - உண்மையா?

இளமையில் முற்போக்கு, வயது ஏற ஏற பழமைவாதம் என்பது பொதுவான நம்பிக்கை. தென்கொரியாவில் அது எடுபடவில்லை. அங்கே லீ ஜே-மியுங்குக்கு மிக வலுவான ஆதரவு கொடுத்தது 40களிலும் 50களிலும் இருப்பவர்கள். அவர்களில் 10ல் 7 பேர் அவருக்கு வாக்களித்தார்கள்.

காரணம், அந்தத் தலைமுறையின் அனுபவம். 1987ல் ராணுவப் பின்னணி கொண்ட ஆட்சிக்கு எதிராக மக்கள் வீதியில் இறங்கிப் போராடி, அதிபரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பெற்றார்கள். அந்தக் காலத்தில் மாணவர்களாகவும் சிறுவர்களாகவும் இருந்தவர்கள்தான் இன்றைய 40, 50 வயதுக்காரர்கள். வயதைவிட, எந்தக் காலத்தில் வளர்ந்தோம் என்பதுதான் அரசியலைத் தீர்மானிக்கிறது.

அப்பா முற்போக்கு, மகன் வலதுசாரி, மகள் மறுபடியும் முற்போக்கு. ஒரே வீட்டுக்குள் இப்படி இருக்க வாய்ப்பு உண்டு!

இளம் ஆண்களுக்கு என்ன கோபம்?

முதல் காரணம், ராணுவ சேவை. உடல் தகுதியுள்ள ஒவ்வொரு தென்கொரிய ஆணும் கட்டாயம் ராணுவத்தில் சேர வேண்டும். தரைப்படை என்றால் 18 மாதங்கள். பிடிஎஸ் குழுவினரே இதிலிருந்து தப்பவில்லை. பெண்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை.

ராணுவ சேவை முடித்தவர்களுக்கு அரசுப் பணித் தேர்வில் முன்பு கூடுதல் மதிப்பெண் இருந்தது. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் எதிரான பாகுபாடு என்று சொல்லி 1999ல் அரசியலமைப்பு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. "நாங்க ஒன்றரை வருஷம் முகாம்ல இருக்கோம். அந்த நேரத்துல கூடப் படிச்ச பொண்ணுங்க வேலைக்கே போயிடுறாங்க. இதுல எங்களுக்கு என்ன சலுகை?" என்பதுதான் இளம் ஆண்கள் வைக்கும் வாதம்.

இரண்டாவது காரணம், வேலையும் வீடும். நல்ல சம்பளம் தரும் பெரிய நிறுவனங்களில் இடம் குறைவு, போட்டியோ கடுமை. முற்போக்கு அதிபர் மூன் ஜே-இன் காலத்தில் சியோலில் வீட்டு விலை எகிறியது. வீடு வாங்கித்தான் கல்யாணம் என்ற எதிர்பார்ப்பு ஆண்கள் தலையில் இருக்கும் சமூகத்தில், அந்தக் கோபம் நேராக ஆளுங்கட்சி மீது திரும்பியது.

இளம் பெண்கள் ஏன் எதிர்த்திசையில் போகிறார்கள்?

பெண்கள் தரப்பு நியாயமும் வலுவானது. வளர்ந்த நாடுகளின் அமைப்பான ஓஇசிடி பட்டியலில், ஆண்-பெண் ஊதிய இடைவெளி மிக அதிகமாக இருப்பது தென்கொரியாவில்தான். அது சுமார் 30 சதவீதம். படிப்பில் ஆண்களுக்குச் சமமாக நிற்கும் பெண்கள், கல்யாணம், குழந்தை என்று வந்ததும் வேலையில் பின்தங்கிவிடுகிறார்கள்.

பாதுகாப்பும் பெரிய பிரச்சினை. 2016ல் சியோலின் கங்னம் ரயில் நிலையம் அருகே ஓர் இளம்பெண் முன்பின் தெரியாத ஆணால் கொல்லப்பட்டது நாட்டையே உலுக்கியது. 2018ல் மீ டூ இயக்கம் வெடித்தது. அதே ஆண்டு, ரகசிய கேமரா குற்றங்களுக்கு எதிராகப் பல்லாயிரம் பெண்கள் வீதிக்கு வந்தார்கள்.

அரசியல் கட்சிகள் இதை எப்படிப் பயன்படுத்தின?

கோபம் இரண்டு பக்கமும் இருந்தது. அதை ஓட்டாக மாற்றியது அரசியல்.

2022 அதிபர் தேர்தலில் பழமைவாத வேட்பாளர் யூன் சுக் யோல், பாலின சமத்துவ அமைச்சகத்தையே ஒழிப்பேன் என்று வாக்குறுதி கொடுத்தார். எக்ஸிட் போல்படி 20களில் இருக்கும் ஆண்களில் சுமார் 59% அவருக்கும், அதே வயதுப் பெண்களில் 58% லீ ஜே-மியுங்குக்கும் வாக்களித்தார்கள். யூன் வென்றது ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில்தான்!

2024 டிசம்பர் 3ஆம் தேதி இரவு அதே யூன் திடீரென ராணுவச் சட்டத்தை அறிவித்தார். நாடாளுமன்றம் சில மணி நேரத்தில் அதைத் தடுத்தது. அவரைப் பதவி நீக்கக் கோரி நடந்த போராட்டங்களில், இசை நிகழ்ச்சிகளுக்குக் கொண்டுபோகும் ஒளிரும் குச்சிகளை ஏந்தி இளம் பெண்கள் பெருமளவில் திரண்டார்கள். மறுபுறம், 2025 ஜனவரியில் யூனை சிறையில் வைக்க உத்தரவிட்ட நீதிமன்றத்துக்குள் அவரது ஆதரவாளர்கள் புகுந்து சூறையாடினர். அதில் கைதானவர்களில் சுமார் பாதிப்பேர் 20, 30 வயதுகளில் இருப்பவர்கள்.

சரி, யூன் சொன்ன அந்த அமைச்சகம் ஒழிக்கப்பட்டதா? 2025 ஏப்ரலில் அவர் பதவி பறிபோகும் வரை அது நடக்கவே இல்லை. ராணுவ சேவையும் அப்படியேதான் தொடர்கிறது. வாக்குறுதி ஓட்டு வாங்கியது. இளைஞர்களின் பிரச்சினை அங்கேயே நிற்கிறது.

இது தென்கொரியாவில் மட்டும்தானா?

இல்லை. 2024 அமெரிக்க அதிபர் தேர்தல் எக்ஸிட் போலில், 30 வயதுக்குட்பட்ட பெண்களில் 10ல் 6 பேர் கமலா ஹாரிஸ் பக்கம் நின்றார்கள். அதே வயது ஆண்களிடம் டிரம்பும் ஹாரிஸும் ஏறக்குறைய சரிசமம். 2025 பிப்ரவரியில் நடந்த ஜெர்மனி தேர்தலில் 25 வயதுக்குட்பட்டோரிடம் முதலிடம் பிடித்தது இடதுசாரிக் கட்சி. இரண்டாமிடம் தீவிர வலதுசாரி ஏஎஃப்டி. முன்னதுக்குப் பெண்களிடமும், பின்னதுக்கு ஆண்களிடமும் ஆதரவு அதிகம்.

இந்த நிலை மாறுமா?

மாறலாம். 2017ல் 20களில் இருந்த கொரிய ஆண்களிடமும் மூன் ஜே-இன்தான் முதலிடம். நான்கே ஆண்டுகளில், 2021 சியோல் மேயர் இடைத்தேர்தலில், அந்த வயது ஆண்களில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் பழமைவாத வேட்பாளருக்கு மாறினார்கள். இவ்வளவு வேகமாகப் போன ஓட்டு திரும்பி வரவும் முடியும்.

ஆனா ஒரு விஷயம் கவலை தருவது. 2023ல் தென்கொரியாவில் ஒரு பெண்ணுக்கு சராசரியாகப் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை 0.72ஆக இறங்கியது. உலகிலேயே மிகக் குறைவான அளவுகளில் இது ஒன்று. வேலை, வீட்டு விலை என்று காரணங்கள் பல. அதோடு, கல்யாண வயதில் இருக்கும் ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் எதிரணியாகப் பார்த்தால், அந்தச் சிக்கலை அவிழ்ப்பது இன்னும் கஷ்டம்.

எனவே அடுத்த முறை "இளைஞர்கள் இந்தக் கட்சி பக்கம்" என்று ஒரு கருத்துக்கணிப்பு வந்தால், ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். அதில் ஆண்கள் எவ்வளவு, பெண்கள் எவ்வளவு? இரண்டையும் கூட்டி எடுக்கும் சராசரியில் இந்தப் பிளவு தெரியவே தெரியாது.