பனைக்கும் அப்பா உண்டு!

தனுஷ்கோடி பார்த்துவிட்டுத் திரும்பும்போது ராமேஸ்வரத்தில் ஓலைப் பெட்டியும் கருப்பட்டியும் வாங்காத பெண்கள் உண்டோ? மண்டபம், உச்சிப்புளி பக்கம் வரிசையாக நிற்கும் பனைகள் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் அவற்றில் ஆண் வேறு, பெண் வேறு. ஆணுக்கு அலகுப் பனை என்றும், பெண்ணுக்குப் பருவப் பனை என்றும் பெயர். பதநீர் இரண்டிலும் கிடைக்கும். நுங்கு மட்டும் பெண் பனையில்தான்.

"காய்க்காத மரம்தானே, வெட்டினா என்ன?" என்று ஆண் பனையை விறகுக்குக் கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

நம் சமையலறையையே பாருங்கள். நெல்லும் உளுந்தும் பெரும்பாலும் தன் பூவின் மகரந்தத்தாலேயே விதை பிடிக்கும். பிள்ளை தாயைப் போலவே வரும். நாம் சாப்பிடும் வாழையில் விதையே கிடையாது. பக்கக் கன்று அப்படியே தாயின் அச்சு. அதனால் ஒன்றுக்கு வந்த நோய் எல்லாவற்றையும் பிடிக்கும். 1950களில் மத்திய அமெரிக்காவின் 'குரோ மிஷேல்' வாழைத் தோட்டங்கள் வாடல் நோயில் அப்படித்தான் அழிந்தன.

பனை அப்படி இல்லை. அதற்குக் கன்றும் கிடையாது, கிளையை நட்டு வளர்க்கவும் முடியாது. ஆண் மரத்தின் மகரந்தம் பெண் பாளைக்கு வந்து சேர்ந்தால்தான் கொட்டை. ஆகவே ஒவ்வொரு கன்றும் ஒரு புதுப் பிறவி. ஒன்று வறட்சியைத் தாங்கும், இன்னொன்று உப்பு மண்ணைத் தாங்கும். 1964 டிசம்பரில் புயல் ஒரு ஊரையே அழித்த கரை இது. இங்கே இந்த வித்தியாசம்தான் மரங்களுக்குக் காப்பு. தகப்பன் மரங்கள் குறைந்தால் பிறப்பதெல்லாம் ஒரே தகப்பன் பிள்ளைகள், வித்தியாசமும் குறையும்.

பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று தமிழக அரசு 2021-ல் அறிவித்தது. நாம் செய்யக்கூடியதும் உண்டு.

* கொட்டை நடும்போது ஒரே மரத்தடியில் பொறுக்காதீர்கள். பல மரங்களிலிருந்து கலந்து எடுங்கள்.

* பொங்கலுக்குப் பனங்கிழங்கு தோண்டும்போது பாத்தியில் சிலவற்றை மரமாக வளர விட்டுவிடுங்கள். ஆணா பெண்ணா என்பது பூக்கும்போதுதான் தெரியும். பத்துப் பதினைந்து வருஷம் ஆகும்.

* 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாயைத் தொட்டியில் வளர்க்கிறீர்களா? மிளகாய் தானே விதை பிடிக்கும் என்றாலும், தேனீ பக்கத்து நீட்டு மிளகாயின் மகரந்தத்தையும் கொண்டு வந்துவிடும். இந்த வருஷக் காய் மாறாது. அதன் விதையில் வரும் செடிதான் மாறும். விதைக்கென்று நாலைந்து மொட்டுகளை, மலரும் முன்பே மெல்லிய துணியால் மூடிக் கட்டுங்கள். காய் பிடித்ததும் அவிழ்த்துவிட்டு, அடையாளத்துக்கு ஒரு நூல் கட்டி வையுங்கள்.

மிளகாயில் கலப்பு வேண்டாம் என்று துணி கட்டுகிறோம். பனையிலோ கலப்புதான் வேண்டும். அதற்கு அந்தக் காய்க்காத மரமும் நிற்கட்டும்!