காலிறுதிதான் நுழைவாயில்: இளம் வீராங்கனைகள் உலகக் கோப்பைக்குச் செல்லும் வழி

பெண்கள் உலகக் கோப்பைக் கால்பந்து என்றால் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் பெரியவர்களின் போட்டிதான் பலருக்கும் நினைவில் வரும். ஃபிஃபா நடத்தும் இன்னும் இரண்டு உலகக் கோப்பைகள் உண்டு. ஒன்று 20 வயதுக்குட்பட்டோருக்கு, மற்றொன்று 17 வயதுக்குட்பட்டோருக்கு. இவற்றின் இறுதிப்போட்டி பற்றிச் செய்தித்தாளில் நான்கு வரியாவது வரும். அங்கே போய்ச் சேரும் பாதையைப் பற்றிப் பெரும்பாலும் எதுவும் வருவதில்லை. ஒரு நாட்டின் பெண்கள் கால்பந்து எந்த நிலையில் இருக்கிறது என்பது அந்தப் பாதையில்தான் தெரிகிறது என்று நான் நினைக்கிறேன்.

முதலில் வயதுக் கணக்கு. பிறந்தநாளை யாரும் பார்ப்பதில்லை. பிறந்த ஆண்டைத்தான் பார்க்கிறார்கள். 2026ஆம் ஆண்டு 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையைப் போலந்து நடத்துகிறது. 2006 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் அதில் ஆடலாம். 2005 டிசம்பர் 31 அன்று பிறந்த பெண்ணுக்கு இடமில்லை. ஒரே ஒரு நாள் வித்தியாசம்தான், ஆனாலும் விதியில் தளர்வு கிடையாது. 17 வயதுக்குட்பட்டோர் போட்டிக்கும் இதே கணக்குத்தான்: 2026க்கு 2009 முதல் பிறந்தவர்கள், 2027க்கு 2010 முதல் பிறந்தவர்கள்.

இந்தக் கணக்கு எவ்வளவு கடுமையானது என்பதை இந்தியாவின் ஒரு தலைமுறைச் சிறுமிகள் அனுபவித்தார்கள். 2020ஆம் ஆண்டின் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இந்தியாவுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. போட்டியை நடத்தும் நாடு என்பதால் இந்திய அணிக்குத் தகுதிச் சுற்று இல்லாமலே இடம் உறுதி. சுவீடன் நாட்டுப் பயிற்சியாளர் தாமஸ் டென்னர்பியின் கீழ் அணி தயாரானது. பிறகு கொரோனா வந்தது. போட்டி முதலில் 2021 பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது, அப்புறம் முழுவதுமாக ரத்தானது. அதற்கு ஈடாக 2022 போட்டி இந்தியாவுக்குக் கிடைத்தது. நாட்டுக்கு அதில் இழப்பில்லை, அந்தப் பெண்களுக்குத்தான் இழப்பு. 2022 போட்டிக்கான வரம்பு 2005 ஜனவரி 1. 2003, 2004இல் பிறந்து, வீட்டை விட்டு முகாமில் தங்கிப் பயிற்சி செய்த அத்தனை பேரும் ஒரே அறிவிப்பில் வயது கடந்தவர்களாகிவிட்டார்கள். அடுத்த படியான 20 வயதுக்குட்பட்டோர் போட்டியிலும் அவர்களுக்கு உடனே வழி திறக்கவில்லை. 2022இல் கோஸ்டாரிகாவில் நடந்த அந்தப் போட்டிக்கு ஆசியாவில் தகுதித் தொடரே நடக்காமல், 2019ஆம் ஆண்டு முடிவுகளை வைத்து நாடுகளை அனுப்பினார்கள். அந்தப் பெண்கள் அந்த வாய்ப்பை மைதானத்தில் தோற்று இழக்கவில்லை. அதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது.

2024 வரை 17 வயதுப் போட்டி இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடந்தது. அதனால் ஒற்றைப்படை ஆண்டில் பிறந்த பெண், வரம்புக்குரிய மூத்த ஆண்டில் நின்று ஆட முடிந்தது. இரட்டைப்படை ஆண்டில் பிறந்தவள் ஒரு வயது மூத்தவர்களோடு மோதித்தான் அணியில் இடம் பிடிக்க வேண்டும். அந்த வயதில் ஓராண்டு என்பது உயரத்திலும் வேகத்திலும் பெரிய இடைவெளி. 2025 முதல் இந்தப் போட்டி ஆண்டுதோறும் நடக்கிறது. 2029 வரை ஐந்து ஆண்டுகளும் மொராக்கோவில்தான். ஒவ்வொரு பிறப்பாண்டுக்கும் ஒரு வாய்ப்பு கிடைத்துவிட்டது. அண்மையில் செய்த மாற்றங்களில் மிக நல்லது இதுதான்.

அடுத்து, எந்தக் கண்டத்துக்கு எத்தனை இடம் என்ற பங்கீடு. 2025இல் மொராக்கோவில் 24 அணிகள் ஆடின. அதற்கு முந்தைய ஆண்டு 16தான். அந்த 24இல் ஐரோப்பாவுக்கு 5, ஆசியாவுக்கு 4, தென் அமெரிக்காவுக்கு 4, வட, மத்திய அமெரிக்கா மற்றும் கரீபியன் பகுதிக்கு 4, ஓசியானியாவுக்கு 2. ஆப்பிரிக்காவுக்குப் போட்டியை நடத்தும் மொராக்கோவையும் சேர்த்து 5. தென் அமெரிக்கக் கூட்டமைப்பில் மொத்தமே 10 நாடுகள். அதில் நான்கு போகலாம். ஆசியக் கூட்டமைப்பில் 47 நாடுகள், அங்கும் நான்குதான்.

அந்த நான்கில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தால்தான் சிக்கல் முழுதாகப் புரியும். 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை 2008இல் தொடங்கி இதுவரை ஒன்பது முறை நடந்திருக்கிறது. ஆறு முறை கோப்பை ஆசியாவுக்கு வந்தது: வட கொரியா நான்கு முறை, தென் கொரியா ஒரு முறை, ஜப்பான் ஒரு முறை. மீதி மூன்றில் ஸ்பெயின் இரண்டு, பிரான்ஸ் ஒன்று. 2024இல் வட கொரியா இரண்டு வயதுப் பிரிவுகளிலும் உலக சாம்பியன் ஆனது. மறு ஆண்டு மொராக்கோவில் நெதர்லாந்தை 3-0 என்று வென்று 17 வயதுக் கோப்பையைத் தக்கவைத்துக்கொண்டது. அதாவது உலகக் கோப்பைக்குப் போக விரும்பும் ஓர் ஆசிய நாடு, உலக சாம்பியன்கள் குடியிருக்கும் தெருவிலேயே இடம் தேட வேண்டியிருக்கிறது.

ஒவ்வொரு கண்டமும் தன் அணிகளைத் தேர்ந்தெடுக்கும் முறையும் வேறு வேறு. ஐரோப்பாவில் நாடுகளை ஏ, பி என்று இரண்டு பிரிவாக வைத்து, ஏற்றமும் இறக்கமும் கொடுத்துச் சிறு சிறு தொடர்கள் நடத்தி, கடைசியில் ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் கொண்டு வந்து சேர்க்கிறார்கள். அங்கே மூன்றாம் இடத்துக்கான ஆட்டம்கூட உயிரைக் கொடுத்து ஆடப்படும். 2024இல் 17 வயதுப் பிரிவில் ஸ்பெயினும் இங்கிலாந்தும் இறுதிக்குப் போய்விட, மிச்சமிருந்த ஒரே உலகக் கோப்பை இடம் மூன்றாவது அணிக்கு. போலந்து அதைப் பிடித்தது, முன்னாள் உலக சாம்பியனான பிரான்ஸ் வீட்டில் இருந்தது.

ஆப்பிரிக்காவில் ஒரே இடத்தில் கூடி ஆடும் தொடர் கிடையாது. இரண்டு நாடுகள் ஊருக்கு ஒன்றாக இரண்டு ஆட்டம் ஆடும். இரண்டின் கோல்களையும் கூட்டி, தோற்ற அணி வெளியேறும். இப்படிச் சுற்றுச் சுற்றாகப் போய்க் கடைசிச் சுற்றில் வென்றவர்களுக்கு நேராக டிக்கெட். விமானச் செலவைத் தாங்க முடியாமல் நடுவில் விலகிக்கொள்ளும் நாடுகளும் உண்டு. இந்த வழியாகத்தான் 2024இல் கென்யாவின் 17 வயதுச் சிறுமிகள் புருண்டியை வென்று உலகக் கோப்பைக்குப் போனார்கள். ஆண்கள், பெண்கள், பெரியவர், இளையவர் என்று எந்தப் பிரிவிலும் ஒரு கென்யக் கால்பந்து அணி உலகக் கோப்பையில் கால் வைத்தது அதுவே முதல் முறை. அந்த நாட்டின் ஆண்கள் அணி அத்தனை ஆண்டுகளாக முயன்றும் முடியாததைப் பள்ளி வயதுப் பெண்கள் செய்து காட்டினார்கள்.

இனி ஆசியப் பாதை. நமக்கு நேரடியாகத் தொடர்புள்ளது என்பதால் சற்று நின்று பார்ப்போம்.

இதில் இரண்டு கட்டம். முதல் கட்டம் தகுதிச் சுற்று: மூன்று, நான்கு நாடுகள் கொண்ட குழுக்கள், ஒரு குழுவின் எல்லா ஆட்டங்களும் ஒரே நாட்டில், ஒரே வாரத்தில் முடிந்துவிடும். இரண்டாம் கட்டம் ஆசியக் கோப்பை. 2026 முதல் அதில் 12 அணிகள், முன்பு எட்டுதான். உலகக் கோப்பைக்கான இடங்கள் இந்த ஆசியக் கோப்பையில்தான் முடிவாகின்றன.

2026ஆம் ஆண்டின் 20 வயதுக்குட்பட்டோர் ஆசியக் கோப்பை தாய்லாந்துக்கு. அதற்கான தகுதிச் சுற்று 2025 ஆகஸ்டில் நடந்தது. எட்டுக் குழுக்களின் முதலிட அணிகளும், இரண்டாமிடம் பிடித்தவற்றில் சிறந்த மூன்று அணிகளும் தாய்லாந்தோடு சேரும். இந்தியா மியான்மரின் யாங்கோன் நகரில் ஆடியது. ஆகஸ்ட் 6இல் இந்தோனேசியாவுடன் கோலில்லாத டிரா. 8ஆம் தேதி துர்க்மெனிஸ்தானை 7-0. 10ஆம் தேதி போட்டியை நடத்திய மியான்மரையே அதன் மண்ணில் 1-0 என்று வென்றது. அந்த ஒரு கோலை அடித்தவர் பூஜா. ஐந்து நாளில் மூன்று ஆட்டம் என்பதைக் கவனியுங்கள். சிறந்த பதினொரு பேர் இருந்தால் மட்டும் இங்கே போதாது. பதினான்காவது, பதினைந்தாவது வீராங்கனையும் அதே தரத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மூன்றாவது ஆட்டத்தில் கால் நகராது. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, அதாவது 2006க்கு அப்புறம், இந்தப் பிரிவில் ஆசியக் கோப்பைக்கு இந்தியா திரும்பியது இப்படித்தான்.

இரண்டாமிடக் கணக்கு எப்படி வேலை செய்கிறது என்பதற்குப் பங்களாதேஷ் நல்ல உதாரணம். லாவோஸில் நடந்த குழுவில் அவர்கள் லாவோஸை 3-1 என்றும் கிழக்குத் திமோரை 8-0 என்றும் வென்றார்கள். கடைசி ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 1-6 என்று தோற்றார்கள். அப்படியொரு தோல்விக்குப் பிறகும் சிறந்த இரண்டாமிட அணிகளில் ஒன்றாக முதன்முறை ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தார்கள். வென்ற ஆட்டங்களில் சேர்த்து வைத்த கோல்கள் காப்பாற்றின. ஏழு, எட்டு கோல் அடித்த பிறகும் அணிகள் ஏன் தளராமல் அடித்துக்கொண்டே இருக்கின்றன என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. எளிய எதிரணியை அவமானப்படுத்துவதற்காக யாரும் அப்படிச் செய்வதில்லை. வேறொரு நாட்டில், வேறொரு குழுவில் நடக்கும் ஆட்டத்தோடு கோல் வித்தியாசத்தில் போட்டி போட வேண்டியிருக்கிறது.

17 வயதுப் பிரிவில் இந்தச் சலுகையும் கிடையாது. குழுவில் முதலிடம் வந்தால் மட்டுமே ஆசியக் கோப்பை. 2025 அக்டோபரில் கிர்கிஸ்தானின் பிஷ்கெக்கில் இந்தியாவின் குழுவில் மூன்றே அணிகள். முதல் ஆட்டத்தில் கிர்கிஸ்தானை 2-1 என்று வென்றாயிற்று. உஸ்பெகிஸ்தானும் கிர்கிஸ்தானை வென்றிருந்தது, அதுவும் கூடுதல் கோல் வித்தியாசத்தில். ஆகவே கடைசி ஆட்டத்தில் உஸ்பெகிஸ்தானுக்கு டிரா போதும். இந்தியா வென்றே தீர வேண்டும். முதல் பாதியில் உஸ்பெகிஸ்தான் கோல் போட்டு முன்னேறியது. இரண்டாம் பாதியில் மாற்றாக இறங்கிய ஒரு சிறுமி சமன் செய்தாள், அதன்பின் வெற்றி கோலும் வந்தது. 2-1. இரண்டு வயது அணிகளுக்கும் அப்போது பயிற்சியாளர் ஒருவரே, சுவீடனைச் சேர்ந்த யோவாக்கிம் அலெக்சாண்டர்சன்.

இந்த வெற்றியை 2022 உலகக் கோப்பையோடு வைத்துப் பார்க்க வேண்டும். அன்று புவனேஸ்வரத்தில் இந்தியா அமெரிக்காவிடம் 0-8, மொராக்கோவிடம் 0-3, பிரேசிலிடம் 0-5 என்று தோற்றது. மூன்று ஆட்டம், வாங்கிய கோல் 16, அடித்தது ஒன்றுமில்லை. அந்தப் பெண்களைக் குறை சொல்வது அநியாயம். எதிரே ஆடிய மூன்று அணிகளும் தகுதிச் சுற்றுகளில் அடிபட்டு, அழுத்தம் பழகி வந்தவை. நம் அணிக்கு அந்தப் பழக்கம் கிடைக்கவே இல்லை. போதாக்குறைக்குப் போட்டி தொடங்க இரண்டு மாதம் இருக்கும்போது இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பை ஃபிஃபா இடைநீக்கம் செய்து, ஆகஸ்ட் கடைசியில்தான் தடையை விலக்கியது. போட்டி நடத்துவதால் வரும் இடம், ஓர் அணியைத் தகுதிச் சுற்று தயார்ப்படுத்துவதுபோலத் தயார்ப்படுத்தாது. அதனால்தான் பிஷ்கெக்கில் பெற்ற அந்த 2-1ஐ, புவனேஸ்வரத்தில் உலகக் கோப்பை ஆடியதைவிடப் பெரிய முன்னேற்றமாக நான் எண்ணுகிறேன்.

ஆசியக் கோப்பைக்குள் வந்துவிட்டால் கணக்கு இதுதான். 12 அணிகள், நான்கு நான்காக மூன்று குழு. ஒவ்வொரு குழுவிலும் முதல் இரண்டு அணிகளும், மூன்றாமிட அணிகளில் சிறந்த இரண்டும் காலிறுதிக்குப் போகும். அரையிறுதிக்கு வரும் நான்கு அணிகளுக்கும் உலகக் கோப்பை இடம் உறுதி. ஆகவே கோப்பையை யார் தூக்குகிறார்கள் என்பதைவிட, காலிறுதியில் யார் வெல்கிறார்கள் என்பதுதான் பெரும்பாலான நாடுகளுக்கு வாழ்வா சாவா. குழுவில் ஒரு வெற்றி, ஒரு டிரா கிடைத்தாலே காலிறுதி எட்டும் தூரம்தான். அந்தக் காலிறுதியில் எதிரே நிற்பது ஜப்பானாகவோ வட கொரியாவாகவோ இருக்க வாய்ப்பு அதிகம் என்பதுதான் தடை.

அந்தத் தடையைத் தாண்டியவர்களுக்கு என்ன கிடைக்கும்? ஸ்பெயினின் சல்மா பாரயுயெலோவைப் பாருங்கள். 2018இல் 17 வயது உலகக் கோப்பை, 2022இல் 20 வயது உலகக் கோப்பை, 2023இல் பெரியவர்களின் உலகக் கோப்பை, மூன்றையும் வென்ற அணிகளில் அவர் இருந்தார். கனடாவின் கிறிஸ்டீன் சின்க்ளேரும் பிரேசிலின் மார்த்தாவும் உலகத்தின் கண்ணில் பட்டதற்கு இந்த இளையோர் போட்டிகளுக்கும் பங்குண்டு. 2002இல் கனடாவில் நடந்த முதல் போட்டியில், அப்போது 19 வயதுக்குட்பட்டோருக்கானது, சின்க்ளேர் பத்து கோல் அடித்தார். எட்மன்டனில் நடந்த இறுதிப்போட்டியைப் பார்க்க 47,784 பேர் வந்தார்கள்.

ஜப்பானோடு காலிறுதி ஆடும் அணியை ஆறு வார முகாமில் உருவாக்க முடியாது. அங்கே பள்ளிகளிலும் கிளப்புகளிலும் பெண்கள் ஆண்டு முழுதும் ஆடுகிறார்கள். இந்தியாவில் பெண்களுக்கான தேசிய லீக் தொடங்கியதே 2017இல்தான். 2019இல் அந்தக் கோப்பையை மதுரையின் சேது எஃப்.சி. வென்றது, 2018இலும் 2023இலும் மாநிலங்களுக்கிடையிலான சீனியர் சாம்பியன்ஷிப் தமிழ்நாட்டுக்கு வந்தது. பெரியவர்கள் மட்டத்தில் அடித்தளம் மெல்ல உருவாகிறது. பதின்மூன்று, பதினான்கு வயதுப் பெண்களுக்கு மாவட்ட அளவில் ஒழுங்காக நடக்கும் லீக் ஆட்டங்கள்தான் இன்னும் போதவில்லை. மொராக்கோவின் 2027 உலகக் கோப்பைக்கு உரியவர்கள் 2010இலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்கள். 2029க்கு உரியவர்கள் 2012இலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்கள். அவர்கள் இப்போதே ஏதோ ஒரு பள்ளி மைதானத்தில் பந்தை உதைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆண்டுக்கு நான்கைந்து ஆட்டம் என்பதை இருபது, முப்பது ஆட்டமாக்கிக் கொடுக்க வேண்டியது மாவட்டச் சங்கங்களும் பள்ளிகளும் உடனே கையில் எடுக்க வேண்டிய வேலை.