புல்வெளிக்கு எத்தனை ‘பார்’ வேண்டும்?

சிம்பாங் அம்பாட்டில் புதிய தாமான்கள் பெருகியதும், வாசலில் கொஞ்சம் புல், அதற்கொரு தெளிப்பான் என்பது பல இளம் குடும்பங்களின் ஆசையாகிவிட்டது. மழை குறையும் ஜனவரி, பிப்ரவரியில் அக்கம்பக்கத்தார் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: “அண்ணே, தண்ணி பாதி தூரம்கூடப் போகல. பம்ப் வெச்சிடலாமா?”

முதலில் அளந்து பாருங்கள். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் அழுத்தமானியைத் தோட்டக் குழாயில் திருகுங்கள். எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போது காட்டும் எண் மனதைக் குளிர்விக்கும். அதை நம்ப வேண்டாம். தெளிப்பான் ஓடும்போது காட்டும் எண்ணே கணக்கு. நிலையாகத் தெளிக்கும் வகைக்குச் சுமார் 2 பார், சுழலும் வகைக்குச் சுமார் 3 பார் வேண்டும். 10 மீட்டர் உயரத்துக்கு 1 பார். மாடிவீட்டுக் கூரைத் தொட்டி 6 மீட்டர் உயரத்தில் இருந்தால் 0.6 பார்தான் தரும். அந்த இணைப்பில் எந்தத் தெளிப்பானும் உருப்படியாகச் சுற்றாது. மீட்டரிலிருந்து நேராக வரும் குழாயில்தான் இணைக்க வேண்டும்.

அடுத்தது வாளிக் கணக்கு. 10 லிட்டர் வாளி 30 விநாடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு 20 லிட்டர். 15 அடி தூரம் தெளிக்கும் அரைவட்ட முனை ஒன்று ஏறத்தாழ 7 லிட்டர் குடிக்கும். இரண்டு ஓடும், மூன்றாவது சேர்ந்தால் மூன்றுமே தளரும். நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் இதுதான் சிக்கல். வால்வு போட்டு இரண்டிரண்டாகப் பிரித்தால் போதும், பம்ப் தேவையில்லை.

அழுத்தம் மிகுந்தாலும் நட்டம்தான். நீர் பனிப்புகையாகி, பக்கத்து வீட்டுக் காரைக் கழுவிவிடும். முனையின் மேலுள்ள திருகு தூரத்தைத்தான் குறைக்கும். அழுத்தத்துக்குத் தனிக் குறைப்பு வால்வு உண்டு.

பொதுக்குழாயிலிருந்து பம்ப் வைத்து நேராக உறிஞ்ச விதிகள் இடம் தருவதில்லை. எங்கள் வரிசையில் தனியாக வாழும் பாட்டி ஒருவருக்கு மாலை ஏழு மணிக்குக் குழாய் நூலாக ஒழுகும். பக்கத்து வீட்டு பம்ப் ஓடும் நேரம் அது. உறிஞ்சும்போது குழாயில் விரிசல் இருந்தால் மண்ணிலுள்ள அழுக்கு நீரும் உள்ளே இழுபடும். அந்த வீட்டார் தரையில் தொட்டி வைத்து, அது நிரம்பிய பிறகு பம்ப் போடத் தொடங்கியதும் பாட்டியின் குழாய் பழையபடி வந்தது.

பினாங்கின் கச்சா நீரில் ஏறத்தாழ 80 விழுக்காடு சுங்கை மூடா ஆற்றை நம்பியிருக்கிறது. 2024 ஜனவரியில் சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வுகளை மாற்ற விநியோகம் தடைபட்டபோது, வாளிகளை நிரப்பி வைத்தோம். புல்லை யாரும் நினைக்கவில்லை. மற்ற நாட்களில் விடியற்காலை ஐந்து மணிக்குத் தெளிப்பானைத் திறவுங்கள். ஊர் விழிக்கும் முன் அழுத்தமும் கூடுதலாக இருக்கும், வெயிலும் நீரைக் குடிக்காது.