கூலிங் பேடுக்கு மின்சாரம் எங்கிருந்து?

லேப்டாப்பின் சூட்டைத் தணிக்க வாங்கிய கூலிங் பேடை அதே லேப்டாப்பின் யுஎஸ்பி போர்ட்டில் செருகினால் சூடு இன்னும் கூடத்தானே செய்யும்? பேட் வாங்கும் பலருக்கும் வரும் சந்தேகம் இது. நியாயமான சந்தேகமும்கூட. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

இரண்டு விசிறிகள் கொண்ட சாதாரணப் பேட் 5 வோல்ட்டில் சுமார் அரை ஆம்பியர் எடுக்கும். அதாவது 2.5 வாட். இந்த 2.5 வாட் லேப்டாப்புக்குள் வெப்பமாக மாறுவதில்லை. ஒயர் வழியே வெளியேறி, விசிறியைச் சுழற்றி, வெளிக்காற்றில் கலந்துவிடுகிறது. உள்ளே தங்குவது, உயர்ந்த மின்னழுத்தத்தை 5 வோல்ட்டாக இறக்கும் சுற்றில் ஏற்படும் இழப்பு மட்டுமே. அந்தச் சுற்றின் திறன் 85 சதவீதம்தான் என்று வைத்துக்கொண்டாலும் இழப்பு அரை வாட்டை எட்டாது. வீடியோ எடிட்டிங் போன்ற கனமான வேலையில் ப்ராசஸரும் கிராஃபிக்ஸ் சிப்பும் சேர்ந்து 40 வாட்டுக்கு மேல் சூட்டைக் கக்கும்போது, இந்த அரை வாட் ஒரு பொருட்டே அல்ல. சூட்டுக்கு அஞ்சி லேப்டாப் போர்ட்டை ஒதுக்க வேண்டியதில்லை. ஒதுக்குவதற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன.

முதல் காரணம் பேட்டரி. 50 வாட்-மணி பேட்டரியுள்ள லேப்டாப் சராசரியாக 15 வாட் செலவழித்தால் 3 மணி 20 நிமிடம் ஓடும். பேடையும் இழப்பையும் சேர்த்தால் செலவு 18 வாட்டை நெருங்கும்; ஓடும் நேரத்தில் அரை மணி போய்விடும். கரண்ட் போன நேரத்தில் அந்த அரை மணி பெரிது. அடாப்டரில் ஓடும்போது இந்தக் கவலை இல்லை. இன்னொன்று, பேட்டரியில் ஓடும்போது பெரும்பாலான லேப்டாப்புகள் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்வதால் சூடும் குறைகிறது. அந்த நேரத்தில் பேடைக் கழற்றி வைப்பதே நல்லது என்பேன். கட்டாயம் வேண்டும் என்றால் பவர் பேங்க் இருக்கிறது. 10,000 எம்ஏஎச் பவர் பேங்கின் சேமிப்பு 37 வாட்-மணி. இழப்பு போக 30 கிடைத்தாலும் 2.5 வாட் பேட் 12 மணி நேரம் சுழலும்.

இரண்டாவது காரணம் போர்ட்டின் கொள்ளளவு. யுஎஸ்பி 1996-இல் வெளிவந்தபோது, இன்டெலில் இந்தியாவில் பிறந்த அஜய் பட் உள்ளிட்ட பொறியாளர்கள் தீர்க்க முயன்ற சிக்கல், கீபோர்டு, மவுஸ், பிரிண்டர் எல்லாவற்றுக்கும் ஒரே வகை இணைப்பு என்பதுதான். மின்சாரம் வழங்குவது அதோடு சேர்ந்து வந்த வசதி. அதனால் அளந்துதான் கொடுத்தார்கள். யுஎஸ்பி 2.0 வரை, செருகப்பட்ட கருவி 100 மில்லி ஆம்பியர் எடுக்கலாம்; கணினியிடம் அனுமதி கேட்டால் 500 வரை பெறலாம். 2008-இல் வந்த யுஎஸ்பி 3.0 அதை 900 ஆக உயர்த்தியது. மலிவான பேடுகளில் அனுமதி கேட்கும் சிப்பே கிடையாது, கேட்காமலே இழுத்துக்கொள்கின்றன. பெரும்பாலான போர்ட்டுகள் அதைப் பொறுத்துக்கொள்கின்றன. தொல்லை தொடங்குவது, பேடின் பக்கவாட்டில் இருக்கும் கூடுதல் யுஎஸ்பி துளையில் ஹார்டு டிஸ்க்கைச் செருகும்போது. ஒரே போர்ட்டின் மின்சாரத்தை விசிறிகளும் டிஸ்க்கும் பங்கிட்டுக்கொள்ள, மின்னழுத்தம் சரிந்து, கோப்பு நகலாகிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க் துண்டிக்கப்படலாம். பல வருடப் புகைப்படங்களை அப்படி இழப்பது கொடுமை. ஹார்டு டிஸ்க்கை எப்போதும் லேப்டாப்பில் நேரடியாகச் செருகுங்கள்.

மின்சாரம் கொஞ்சம் குறைந்தால் குளிர்ச்சி போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். விசிறியின் இயற்பியல் இங்கே நமக்குச் சாதகமாக இருக்கிறது. விசிறி தள்ளும் காற்றின் அளவு சுழலும் வேகத்துக்கு நேர்விகிதத்தில் மாறும். ஆனால் அதற்குத் தேவையான திறனோ வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். வேகத்தை 80 சதவீதமாக்கினால் காற்று 80 சதவீதம் கிடைக்கும், திறன் ஏறக்குறைய பாதியாகிவிடும். இரைச்சலும் தணியும். பேடில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் இருந்தால், உச்சத்திலிருந்து ஒரு படி இறக்கி வைப்பதே புத்திசாலித்தனம். குமிழுக்குள் வெறும் ரெசிஸ்டர் மட்டும் இருந்தால் மிச்சமாகும் திறனில் ஒரு பகுதி அதிலேயே சூடாகிப்போகும், இருந்தாலும் மொத்தச் செலவு குறைவுதான். எவ்வளவு மின்சாரம் கொடுத்தாலும் விசிறியால் அறையின் வெப்பநிலைக்குக் கீழே எதையும் குளிர்விக்க முடியாது. லேப்டாப்பின் அடியில் காற்று இழுக்கும் துளைகளும் பேடின் விசிறிகளும் நேருக்கு நேர் அமைந்திருப்பது, கூடுதல் வாட்டைவிட அதிகப் பலன் தரும்.

வீட்டிலோ அலுவலகத்திலோ பிளக் பாயிண்ட் அருகில் இருந்தால் என் தேர்வு, சும்மா கிடக்கும் பழைய மொபைல் சார்ஜர். "2 ஆம்பியர்" என்று அதில் எழுதியிருப்பதைப் பார்த்துப் பலர் தயங்குகிறார்கள். அந்த எண் சார்ஜரால் தர முடிந்த உச்ச அளவு; விசிறிக்குள் அதைத் திணிப்பதில்லை. வீட்டு மின் இணைப்பு பல ஆயிரம் வாட் தாங்கும், 9 வாட் பல்பு தனக்கு வேண்டியதை மட்டும்தான் எடுக்கிறது. வேகமாக சார்ஜ் செய்யும் சார்ஜர்களும் 5 வோல்ட்டில்தான் தொடங்குகின்றன. எதிரில் இருக்கும் கருவி கேட்டால்தான் 9 வோல்ட்டுக்கு ஏறும். பேட் அப்படி எதையும் கேட்பதில்லை. டைப்-சி துளையுள்ள மலிவான பேடுகளில் மட்டும் ஒரு விசித்திரம் நேரும். உள்ளே இருக்க வேண்டிய 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர்களைத் தயாரிப்பாளர் விட்டுவிட்டால், இரு முனையும் டைப்-சி ஆன ஒயரில் சார்ஜர் மின்சாரமே தராது. பேட் செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு முனை பழைய அகன்ற யுஎஸ்பியாக உள்ள ஒயரை மாற்றிப் பாருங்கள், பெரும்பாலும் ஓடும்.

உண்மையான ஆபத்து இருப்பது வட்டப் பின்னில். சில பேடுகளில் தனி அடாப்டருக்கென்று உருண்டைத் துளை இருக்கும். வீட்டில் வைஃபை ரௌட்டரின் அடாப்டரும் அதே பின்னோடு வரும், கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் ரௌட்டர் அடாப்டர்கள் பெரும்பாலும் 12 வோல்ட். 5 வோல்ட் விசிறிக்கு அதைக் கொடுத்தால் ஆறு மடங்கு அளவுக்குத் திறன் பாய்ந்து மோட்டார் கருகிவிடலாம். ஆம்பியர் கூடுதலாக இருப்பதில் தவறில்லை. வோல்ட் மட்டும் பேடின் அடியில் அச்சிட்டிருப்பதோடு அப்படியே ஒத்துப்போக வேண்டும். நடுப்பின் நேர்முனையா எதிர்முனையா என்று காட்டும் சிறிய குறியையும் ஒப்பிட வேண்டும்.

தனி அடாப்டர் போட்ட பிறகு லேப்டாப்புக்குப் போகும் யுஎஸ்பி ஒயரைக் கழற்றிவிடுங்கள். பல பேடுகளோடு இரு முனையும் ஒரே அகன்ற வடிவில் உள்ள ஒயர் வருகிறது. யுஎஸ்பி விதிமுறை அனுமதிக்காத ஒயர் அது. மின்சாரம் பின்னோக்கி ஓடாமல் தடுக்கும் டையோடு பேடுக்குள் இல்லையென்றால், அடாப்டரின் 5 வோல்ட் அந்த ஒயர் வழியே லேப்டாப்பின் போர்ட்டுக்குள் நுழையும். லேப்டாப் அணைந்திருந்தாலும் நுழையும். அணைத்த பிறகும் அதில் ஏதாவது விளக்கு மங்கலாக எரிகிறதென்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்த ஒயரைத்தான்.