கடலுக்குக் காது கொடுக்கும் வழிகாட்டிகள்

நியூசிலாந்தின் தென் தீவில், கிழக்குக் கரையோரச் சிற்றூரான கைகோராவிலிருந்து திமிங்கலம் பார்க்கும் படகுகள் ஆண்டு முழுவதும் புறப்படுகின்றன. பல நாடுகளில் இது பருவகாலத் தொழில். திமிங்கலங்கள் வலசை வரும் மாதங்களில் மட்டுமே நடக்கும். கைகோராவின் நிலை வேறாக இருப்பதற்குக் காரணம் கடலடியில் உள்ளது. கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ளாகவே ஒரு பெரும் பள்ளத்தாக்கு தொடங்கி, ஆயிரம் மீட்டருக்கும் கீழே இறங்குகிறது. கணவாயும் ஆழ்கடல் மீன்களும் அங்கே மிகுதி. அந்த இரையை நம்பித் தங்குபவை ஸ்பெர்ம் திமிங்கலங்கள். தமிழ்நாட்டில் கடத்தல் வழக்குகளின்போது செய்தித்தாள்களில் அடிபடும் அம்பர்கிரிஸ் உருவாவது இந்த இனத்தின் குடலில்தான். கைகோராவில் தென்படுபவை பெரும்பாலும் ஆண் திமிங்கலங்கள். பெண் திமிங்கலங்களும் குட்டிகளும் வெப்பமான கடல்களை விட்டு இவ்வளவு தெற்கே வருவது அரிது.

கைகோரா ஒரு காலத்தில் திமிங்கலத்தைக் கொன்று பிழைத்த ஊர். 1842இல் ராபர்ட் ஃபைஃப் என்பவர் இங்கே வேட்டைத் தளம் அமைத்தார். திமிங்கல முதுகெலும்புகளை அடித்தாங்கலாக வைத்துக் கட்டிய அக்காலத்து வீடு இன்றும் நிற்கிறது. நியூசிலாந்தில் திமிங்கல வேட்டை 1964இல் நின்றது. 1980களில் ரயில்வே ஆட்குறைப்பால் ஊரில் பலர் வேலையிழந்தபோது நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்டனர். அவர்களுள் காட்டி கூரி குலத்துக் குடும்பங்கள் சில, வீடுகளை அடகு வைத்துக் கடன் வாங்கி, 1987இல் ஒரு சிறு படகுடன் இந்தச் சுற்றுலாவைத் தொடங்கின. அவர்களின் மரபுக் கதையில் மூதாதை பைகேயா திமிங்கலத்தின் முதுகில் ஏறி இந்நாட்டுக்கு வந்தவர். ‘வேல் வாட்ச் கைகோரா’ என்ற அந்த நிறுவனம் இன்றும் மாவோரிகளின் கையில்தான் இருக்கிறது.

படகில் வழிகாட்டியின் திறமை வெளிப்படுவது திமிங்கலம் தெரிவதற்கு முன்புதான். ஸ்பெர்ம் திமிங்கலம் ஒரு முறை முங்கினால் முக்கால் மணி நேரம், சில வேளை ஒரு மணி நேரம்கூட மேலே வராது. பரந்த கடலைக் கண்ணால் துழாவிப் பயனில்லை. அதனால் படகை நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, ஹைட்ரோஃபோன் எனும் நீரடி ஒலிவாங்கியைக் கடலுக்குள் இறக்குகிறார்கள். இருட்டில் இரை தேடும் திமிங்கலம் ‘டிக், டிக்’ என்று விடாமல் ஒலி எழுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கொண்டு கணவாயின் இருப்பிடத்தை அறிகிறது. இரையை நெருங்கும்போது அந்த ஒலிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கதவு கிறீச்சிடுவதைப் போல நீளும். ஒலிவாங்கியைத் திருப்பித் திருப்பி, எந்தத் திசையில் சத்தம் உரக்கக் கேட்கிறது என்று பார்த்துப் படகை அங்கே நகர்த்துவார்கள். ஒலி சட்டென்று நின்றுபோனால் பயணிகள் ஏமாறக்கூடும். வழிகாட்டியோ அப்போதுதான் சுறுசுறுப்படைவார். மேலேறத் தொடங்கும் திமிங்கலம் வழக்கமாக ஒலிப்பதை நிறுத்திவிடும்.

மேலே வந்ததும் முதலில் தெரிவது மூச்சு. ஸ்பெர்ம் திமிங்கலத்துக்கு மூச்சுத்துளை தலையின் நுனியில் இடப்பக்கமாக இருப்பதால், நீராவி நேராக எழாமல் முன்னோக்கி இடப்புறம் சாய்ந்து பீறிடும். பழகிய கண் அதை வைத்தே தொலைவிலிருந்து இனத்தைச் சொல்லிவிடும். விளம்பரப் படங்களில் வரும் துள்ளலை எதிர்பார்த்துப் போகிறவருக்கு இங்கே காணக் கிடைப்பது, பத்து நிமிடம் போல அசையாமல் மிதந்து மூச்சு வாங்கும் ஒரு நீண்ட முதுகுதான். பிறகு அது முதுகை வளைத்து, வாலைச் செங்குத்தாக உயர்த்தி முங்கும். எல்லோரும் படம் எடுக்கும் அந்தக் கணத்தில் வழிகாட்டி வாலின் ஓரத்து வெட்டுகளையும் தழும்புகளையும் கவனிப்பார். அவை திமிங்கலத்துக்குத் திமிங்கலம் மாறுபடும். டியாகி என்று பெயரிடப்பட்ட ஒரு ஆண் திமிங்கலம் இப்படித்தான் பல ஆண்டுகளாக அடையாளம் காணப்பட்டு வந்திருக்கிறது.

எவ்வளவு நெருங்கலாம் என்பதைச் சட்டம் வகுத்திருக்கிறது. 1992ஆம் ஆண்டு விதிகளின்படி படகு திமிங்கலத்திலிருந்து குறைந்தது 50 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். குட்டியுடன் இருந்தால் 200 மீட்டர். முன்னால் குறுக்கிடாமல், சற்றுப் பின்னாலிருந்து இணையாகத்தான் அணுகலாம். 300 மீட்டர் வட்டத்துக்குள் மூன்று படகுகளுக்கு மேல் கூடாது. விதி படகுக்கானது, திமிங்கலத்துக்கு அல்ல. அது தானாக அருகே வந்தாலும், படகுதான் இயன்றவரை அதன் பாதையை விட்டு விலகி அந்த 50 மீட்டரைக் காக்க வேண்டும்.

2016 நவம்பரில் 7.8 அளவிலான நிலநடுக்கம் கைகோராவைத் தாக்கியபோது கடற்கரையும் படகுத்துறையும் மேலே உயர்ந்தன. பள்ளத்தாக்கில் சேறு சரிந்து ஓடி, அடித்தள உயிர்களை வாரிக்கொண்டு போனது. அதன்பின் ஏறக்குறைய ஓராண்டு காலம் திமிங்கலங்கள் முங்கல்களுக்கு இடையே மேற்பரப்பில் வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் தங்கியதை ஒட்டாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். இரை தேடுவது அதிக உழைப்பைக் கேட்டது என்பது அவர்கள் தந்த விளக்கம். பிறகு பழைய நிலை திரும்பியது.

பயணம் சுமார் இரண்டரை மணி நேரம். அலை பெரிதானால் புறப்பாடு ரத்தாகும். குமட்டலுக்கான மாத்திரையைக் கரையிலேயே போட்டுக்கொள்வது நல்லது. திமிங்கலம் ஒன்றுகூடக் கண்ணில் படாவிட்டால் கட்டணத்தில் 80 சதவீதத்தை நிறுவனம் திருப்பித் தந்துவிடுகிறது.